ஃபென்டனில் நச்சேற்றத்தைத் தடுக்க அமெரிக்க அரசு தரும் நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகளில் ஃபென்டனில், நலோக்சோன் என்னும் சொற்கள் இப்போது பழகிப்போய்விட்டன. ஃபென்டனிலின் விளைவை முறிக்கும் மருந்தான நலோக்சோனை யார் வாங்குகிறார்கள், எந்தப் பணத்தில் வாங்குகிறார்கள், அந்தப் பணம் எத்தனை நாள் வரும் என்பவை ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வருகிறதோ அதுவே எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தத் தலைப்புகளை ஓரளவேனும் அறிந்திருந்தால்தான், "அதற்கு நிதியில் இடமில்லை" என்று உள்ளூர் அதிகாரி சொல்லும்போது அது விதியா, சாக்கா என்று பிரித்தறிய முடியும்.

ஃபென்டனில் என்றால் என்ன? "நச்சேற்றம்" என்று ஏன் சொல்கிறார்கள்?

ஃபென்டனில் கள்ளச் சந்தையில் பிறந்த பொருள் அன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சன் 1960-ஐ ஒட்டிய காலத்தில் உருவாக்கிய வலிநீக்கி அது. அறுவைச் சிகிச்சையிலும் புற்றுநோய் வலிக்கும் இன்றும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது என்பதால் மருத்துவமனையில் அதை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தருவார்கள். பெரும்பாலான உயிர்களைப் பறிப்பது, கள்ளத்தனமாகத் தயாரித்து வேறு போதைப்பொருளில் கலந்தோ போலி மாத்திரையாக அச்சிட்டோ விற்கப்படும் தூள். அதில் 2 மில்லிகிராம், அதாவது தூள் உப்பில் பத்துப் பதினைந்து பரல், ஒருவரைக் கொல்லப் போதும் என்று போதைப்பொருள் அமலாக்க முகமையான டி.இ.ஏ. கூறுகிறது. கலவையும் சீராக இருப்பதில்லை. புளியோதரையில் நிலக்கடலை எல்லாக் கவளத்திலும் ஒரே அளவில் வருவதில்லை அல்லவா, அதுபோல ஒரே பையில் உள்ள இரண்டு மாத்திரைகளில் ஒன்றில் ஏதுமிருக்காது, மற்றொன்றில் உயிர்போகும் அளவு இருக்கும்.

"அளவுமீறல்" என்றால் ஒருவர் தெரிந்தே அளவைத் தாண்டினார் என்ற பொருள் வந்துவிடுகிறது. தேர்வுக் கவலைக்கோ பல்வலிக்கோ சமூக ஊடகத்தில் ஒரு மாத்திரை வாங்கிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது என்பது பிள்ளைகளை இழந்த பெற்றோரின் வாதம். டெக்சாஸ் மாநிலம் 2023-இல் இயற்றிய சட்டத்தின்படி இத்தகைய மரணங்களுக்கான இறப்புச் சான்றிதழில் "ஃபென்டனில் நச்சேற்றம்" என்றே எழுத வேண்டும். பழக்கத்துக்கு ஆட்பட்டவரும் கலப்படத்துக்குத்தான் பலியாகிறார் என்பதால், இச்சொல் "அறியாப் பிள்ளை", "தெரிந்து கெட்டவர்" என்று இரு வகுப்பாகப் பிரிக்கப் பயன்படுமானால் அதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் கருத்து. நிதி விதிகளில் அப்படியொரு பிரிவு கிடையாது.

எத்தனை பேர் இறக்கிறார்கள்?

போதைப்பொருள் அளவுமீறலால் 2022-இல் ஏறத்தாழ 1,08,000 பேரும், 2023-இல் ஏறத்தாழ 1,05,000 பேரும் அமெரிக்காவில் இறந்தனர். இரண்டு ஆண்டுகளிலும் பத்தில் ஏழு மரணங்களில் ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள், அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலிநீக்கிகள், சம்பந்தப்பட்டிருந்தன. 2024-இல் மொத்த எண்ணிக்கை சுமார் 80,000-ஆகக் குறைந்தது.

கூட்டாட்சி நிதி எந்தெந்த வழிகளில் வருகிறது?

முதன்மையான வழி, போதைப்பொருள் மற்றும் மனநலச் சேவைகள் நிர்வாகம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "சாம்சா" என்பார்கள். 2016 டிசம்பரில் நிறைவேறிய 21-ஆம் நூற்றாண்டுக் குணப்படுத்தல் சட்டம் ஆண்டுக்கு 50 கோடி டாலர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு மாநிலங்களுக்குத் தந்தது. அதைத் தொடர்ந்து 2018-இல் "மாநில ஓபியாய்டு எதிர்வினை மானியம்" சுமார் 100 கோடி டாலருடன் தொடங்கி, 2023, 2024 நிதியாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 157 கோடி டாலராக வளர்ந்தது. இதில் 15 விழுக்காட்டை இறப்பு விகிதம் மிக அதிகமுள்ள மாநிலங்களுக்கென்று ஒதுக்கிவைக்கிறார்கள். பழங்குடி அரசுகளுக்குத் தனி மானியம் உண்டு.

இதைவிடப் பழையது, அதே சாம்சா வழங்கும் தொகுப்பு மானியம். ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர். மாநிலங்கள் அதில் குறைந்தது 20 விழுக்காட்டை முதல்நிலைத் தடுப்புக்கு, அதாவது இன்னும் பழக்கத்துக்கு ஆளாகாதவர்களுக்கான பணிக்கு, செலவிட வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. பள்ளிப் பாடத்திட்டம், பெற்றோர் வகுப்பு, விழிப்புணர்வு விளம்பரம் ஆகியவற்றில் பெரும்பங்கு இந்த 20 விழுக்காட்டிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது வழி, நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சி.டி.சி.யின் "தரவிலிருந்து செயலுக்கு" என்னும் திட்டம். 2019-இல் தொடங்கி 2023-இல் புதுப்பிக்கப்பட்ட அத்திட்டத்தில் 49 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் 40 உள்ளூர் சுகாதாரத் துறைகளும் ஆண்டுக்குச் சுமார் 28 கோடி டாலர் பெற்றன. இறந்தவர் இரத்தத்தில் என்னென்ன இருந்தன, அவசரப் பிரிவுக்கு எந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் வேலை அது. மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் ஒரு நகரத்துக்குப் புதிய கலப்படம் வந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் இந்தக் கணக்கர்கள்தாம். கால்நடை மயக்கமருந்தான சைலசின் ஃபென்டனிலோடு கலப்பது 2023 ஏப்ரலில் தேசிய அச்சுறுத்தலாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னாலும் இத்தகைய எண்ணிக்கைகள் இருந்தன.

இவ்வளவு பணமா! பிறகு ஏன் "பணமில்லை" என்கிறார்கள்?

மேலே சொன்ன மானியங்கள் ஓபியாய்டுக்கான சிகிச்சை, மீட்பு, தடுப்பு அனைத்துக்கும் சேர்ந்தவை. சிகிச்சை பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. அதுவும் தவறில்லை: ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகிய மருந்துகளை ஒழுங்காகப் பெறுபவர் தெருவில் விற்பதைத் தேடிப் போகும் தேவை குறைகிறது, ஆகவே நச்சேற்றமும் குறைகிறது. பியூப்ரெனார்ஃபின் எழுத மருத்துவர் தனி அனுமதி வாங்கவேண்டும் என்ற விதியை 2022 டிசம்பரில் நீக்கியது ஒரு காசும் செலவில்லாமல் செய்த தடுப்புப் பணி என்றே சொல்லலாம். 65 வயதுக்குட்பட்டவர்களில் ஓபியாய்டு பழக்க நோயுள்ள பத்தில் நான்கு பேருக்காவது மருத்துவச் செலவை ஏற்பது ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு. ஆகவே மெடிக்கெய்டில் கைவைத்தால், "ஃபென்டனில்" என்ற சொல்லே இல்லாத ஒரு மசோதாகூட இந்தத் துறையை உலுக்கிவிடும்.

இரண்டாவது காரணம் பணத்தின் ஆயுள். மாநில ஓபியாய்டு மானியம் முதலில் இரண்டிரண்டு ஆண்டுகளுக்கே தரப்பட்டது. இரண்டாண்டு மானியத்தில் ஒரு மாவட்டம் ஆள் எடுக்க ஆறு மாதம் பிடிக்கும். எடுத்த ஆள் வேலை கற்று, மக்களின் நம்பிக்கையைப் பெற்று, தெருவில் அவர் முகம் பழகும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். மாவட்ட நிர்வாகங்கள் நலோக்சோன் பெட்டிகளை வாங்கிக் குவிப்பதில் காட்டும் ஆர்வத்தை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளை நியமிப்பதில் காட்டாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பெட்டிக்கு ஓய்வூதியம் தரவேண்டியதில்லை.

பரிசோதனைத் தாளை அரசுப் பணத்தில் வாங்கலாம், ஊசியை வாங்கக் கூடாது என்பது உண்மையா?

கூட்டாட்சிப் பணத்தைப் பொறுத்தவரை ஊசி விஷயம் உண்மை. போதைப்பொருளை ஏற்றிக்கொள்பவர்கள் ஊசியைப் பகிர்ந்துகொள்ளாமல் இருக்கத் தரும் புதிய ஊசிகளைக் கூட்டாட்சி நிதியில் வாங்கக் கூடாது என்ற தடை 1988-இல் வந்தது; 2009-இல் நீக்கப்பட்டு, 2011-இல் திரும்ப வந்தது. 2015-இல் இந்தியானா மாநிலத்தின் ஸ்காட் மாவட்டத்தில், ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. பரவிய பின்னர், அவ்வாண்டு இறுதியில் பாதி வழிவிட்டார்கள்: தொற்று அபாயம் இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட இடங்களில் ஊழியர் சம்பளம், வாகனம், பரிசோதனை ஆகியவற்றுக்குக் கூட்டாட்சிப் பணத்தைச் செலவிடலாம், ஊசிக்கு மட்டும் வேறு எங்காவது பணம் தேடிக்கொள்ள வேண்டும். பந்தல், இலை, பரிமாற ஆள் எல்லாவற்றுக்கும் பணம் தந்துவிட்டு அரிசிக்கு மட்டும் தரமாட்டேன் என்பதைப் போன்றது இது.

ஃபென்டனில் பரிசோதனைத் தாளுக்கோ 2021 ஏப்ரல் 7 அன்று சி.டி.சி.யும் சாம்சாவும் சேர்ந்து அனுமதி தந்தன. விரலளவுகூட அகலமில்லாத காகிதப் பட்டை அது. சந்தேகத்துக்குரிய பொருளில் சிறிதளவைத் தண்ணீரில் கரைத்து, தாளின் நுனியைச் சுமார் 15 விநாடி நனைத்து, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடு வந்தால் ஃபென்டனில் காணப்படவில்லை, ஒரே கோடு வந்தால் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுப் பரிசோதனையில் "இரண்டு கோடு என்றால் தொற்று" என்று பழகிய கண் இங்கே தலைகீழாகப் படித்துவிடும் அபாயம் உண்டு என்பதால், தாளை மட்டும் நீட்டாமல் அதைப் படிக்கக் கற்றுத் தரவும் ஓர் ஆள் வேண்டும். இரண்டு கோடு வந்தாலும் முழு நிம்மதி இல்லை. முன்பு சொன்ன நிலக்கடலைக் கதைதான், கரைத்த துணுக்கில் இல்லாதது மிச்சத்தில் இருக்கலாம்.

கூட்டாட்சி அரசு பணம் தந்தாலும் மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கலாம். பல மாநிலங்களில் இந்தத் தாள் "போதைப்பொருள் உபகரணம்" என்ற பழைய வரையறைக்குள் வந்ததால் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. பெரும்பாலான மாநிலங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டன. டெக்சாஸில் 2023-இல் கீழவை நிறைவேற்றிய திருத்த மசோதா மேலவையில் நின்றுபோனது. இறப்புச் சான்றிதழில் "நச்சேற்றம்" என்று எழுத வேண்டுமென்று அதே ஆண்டில் சட்டம் இயற்றிய சட்டமன்றம், நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் தாளுக்கு வழிவிடவில்லை.

நலோக்சோன் வாங்கும் செலவு யாருடையது?

நலோக்சோன் ஓபியாய்டின் விளைவை முறித்து, நின்றுபோன மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து. நார்கான் என்ற பெயரில் விற்கும் 4 மில்லிகிராம் மூக்குத் தெளிப்பானை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2023 மார்ச்சில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கடைக்கு வந்தபோது இரண்டு தெளிப்பான் கொண்ட பெட்டி சுமார் 45 டாலர். தேவைப்படுகிறவர்களில் பலருக்கு இது ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு.

இங்கேதான் மானியம் நேரடியாகக் கைக்கு வருகிறது. கலிபோர்னியா 2018-இல் தொடங்கிய நலோக்சோன் விநியோகத் திட்டத்தில் பள்ளி, நூலகம், காவல்துறை, தொண்டு அமைப்பு போன்றவை மாநிலச் சுகாதாரச் சேவைத் துறைக்கு விண்ணப்பித்து மருந்தை இலவசமாகப் பெறுகின்றன. கூட்டாட்சி மானியமும் மாநிலப் பணமும் சேர்ந்து அதை நடத்துகின்றன. மாநிலமே பேரம் பேசி, கால்ஆர்எக்ஸ் என்ற தன் பெயரில் பெட்டி 24 டாலருக்குக் கிடைக்க 2024-இல் ஏற்பாடு செய்தது. அரசு மொத்தமாக வாங்கும்போது விலை பாதியாகும் என்றால், தனித்தனி மாவட்டங்கள் சில்லறை விலைக்கு வாங்குவதை வரி கட்டுவோர் கேள்வி கேட்கலாம்.

பயன்படுத்துவது கடினமன்று. உறையைப் பிரித்து, மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்குப் பின்னால் கைகொடுத்துத் தலையைச் சாய்த்து, உங்கள் விரல்கள் அவர் மூக்கின் அடியைத் தொடும் வரை முனையை ஒரு துளைக்குள் விட்டு, கட்டைவிரலால் அடியை முழுதாக அழுத்த வேண்டும். முன்கூட்டியே அழுத்திப் பார்க்கக் கூடாது, அதில் ஒரே ஒரு முறைக்கான மருந்துதான் இருக்கிறது. 911-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இரண்டாவது தெளிப்பானை மற்றத் துளையில் பயன்படுத்த வேண்டும். மருந்தின் வேலை தீர்ந்தபின் மூச்சு மறுபடி தாழலாம் என்பதால் அவரைத் தனியே விடக் கூடாது.

2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை அளவுமீறலால் இறந்த 10 முதல் 19 வயதினரைப் பற்றி சி.டி.சி. வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரு பங்கு மரணங்களில் அருகில் யாரோ இருந்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் ஒன்றும் செய்யவில்லை. பலர் வேறு அறையில் இருந்தார்கள், அல்லது பிள்ளை தூங்குகிறது என்று நினைத்தார்கள். வழக்கத்துக்கு மாறான குறட்டையும் நீலம் பாய்ந்த உதடும் தூக்கத்தின் அடையாளமல்ல என்று கற்றுத்தரும் பயிற்சிக்கும் மானியத்தில் இடமுண்டு.

மருந்தை இலவசமாகக் கொடுத்தால் பழக்கம் பெருகாதா?

நலோக்சோன் மயக்கமோ கிறக்கமோ தராது. ஓபியாய்டு பழகியவருக்கு அது உடனே உடல்வேதனையைத்தான் தரும். யாரும் அந்த வேதனையை நம்பித் துணிந்து அளவை ஏற்றுவதில்லை. தீயணைப்பு நிலையம் இருப்பதால் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்று நாம் சொல்வதில்லை.

மருந்து நிறுவனங்கள் கட்டும் இழப்பீடு அரசு நிதியில் சேருமா?

சேரும், இன்று உள்ளூர் அளவில் பேரம் பேசக்கூடிய பணம் அதுதான். ஓபியாய்டு மாத்திரைகளை விற்றுக் குவித்த நிறுவனங்களுக்கு எதிராக மாநிலங்களும் மாவட்டங்களும் தொடுத்த வழக்குகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை மொத்தம் 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று மொத்த விநியோக நிறுவனங்கள் மட்டும் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டன. ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி. இவ்விரு உடன்பாடுகளின்படி குறைந்தது 85 விழுக்காடு ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யும் பணிகளுக்குச் செல்ல வேண்டும். ஊசி வாங்கக் கூடாதென்ற கூட்டாட்சித் தடை இந்தப் பணத்துக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதிகாரி "விதி இடங்கொடுக்காது" என்றால், எந்தப் பணத்தின் விதி என்று கேட்க வேண்டிய இடம் இது.

யார் கையில் பணம் போகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வடக்குக் கரோலினாவில் 85 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கே செல்கிறது; ஒவ்வொரு மாவட்டமும் எதற்குச் செலவிட்டது என்பதைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்கலாம். ஒஹாயோவில் 55 விழுக்காடு இதற்கென்றே அமைத்த ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது, 30 உள்ளாட்சிகளுக்கு, 15 மாநிலத்துக்கு. வெளிப்படைத்தன்மையில் முதல் முறையே மேல் என்று எனக்குப் படுகிறது. ஆனால் சிறிய மாவட்டத்துக்குப் பெருந்தொகை வந்தால் அதைச் செலவிடத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

அஞ்சவேண்டியது, இருந்த பணத்தை எடுத்துவிட்டு வந்த பணத்தை அந்த இடத்தில் வைக்கும் வித்தை. சென்ற ஆண்டு வரை மாவட்ட வரிப்பணத்தில் நடந்த சிகிச்சை மையத்துக்கு இந்த ஆண்டு இழப்பீட்டுப் பணத்தைக் காட்டி, விடுபட்ட வரிப்பணத்தைச் சாலைக்குத் திருப்பினால், ஏடு சுத்தமாக இருக்கும், புதிதாக ஒருவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. 1998-இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு செய்த உடன்பாட்டின் பணம் பெரும்பாலும் இப்படித்தான் பொது வரவுசெலவில் கரைந்தது.

இறப்பு குறைந்துவருகிறதே, நிதியும் குறைந்துவிடுமா?

இறப்பு ஏன் குறைந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நலோக்சோன் பரவியது, சிகிச்சை எளிதானது, தெருச் சரக்கின் வீரியம் மாறியது, ஆபத்தில் இருந்த பலர் ஏற்கெனவே இறந்துவிட்டது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. காரணம் தெளிவாகாத நிலையில் எதை வெட்டலாம் என்று முடிவெடுப்பது, பயிர் தேறிவிட்டதென்று வேலியைப் பிடுங்குவதற்குச் சமம்.

நிச்சயமின்மை ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 மார்ச்சில் கூட்டாட்சிச் சுகாதாரத் துறை, கொரோனா காலத்தில் ஒதுக்கிய நிதியில் மிச்சமிருந்த சுமார் 1,140 கோடி டாலரையும் சாம்சா வழியாகச் சென்ற சுமார் 100 கோடி டாலரையும் திடீரென்று திரும்பப் பெற முனைந்தது. மாநிலங்கள் வழக்குத் தொடுத்துத் தடை பெற்றன. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சட்ட அங்கீகாரம் வேறு, ஆண்டு ஒதுக்கீடு வேறு. 2018-இல் வந்த ஓபியாய்டு சட்டத்தின் பல பிரிவுகள் 2023 செப்டம்பரில் காலாவதியாகின. ஆனாலும் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கியதால் பணம் வந்துகொண்டிருந்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அதனால் மட்டும் ஒரு டாலரும் வந்துவிடாது. ஒதுக்கீட்டு மசோதாவில் எண் எழுதப்பட வேண்டும்.

எங்கள் ஊரிலுள்ள பெற்றோர் குழு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

பெரிய மானியங்கள் மாநில அரசுக்கே போகின்றன. குழுக்கள் மாநிலத்திடமோ மாவட்டத்திடமோ துணை ஒப்பந்தம் பெறலாம். நேரடியாக வரும் சிறிய வழி, 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் "போதையற்ற சமூகங்கள்" மானியம்: ஆண்டுக்கு 1,25,000 டாலர் வரை, முதலில் ஐந்து ஆண்டுகள், அதன்பின் இன்னும் ஐந்து. பெற்றோர், இளைஞர், பள்ளி, காவல்துறை, வணிகர், சமயக் குழு என்று 12 துறைகளின் ஆட்கள் கூட்டமைப்பில் இருக்க வேண்டும். பெறும் தொகைக்கு ஈடாக உள்ளூரிலும் குறைந்தது அதே அளவு திரட்டிக் காட்ட வேண்டும். தன்னார்வலர் தரும் நேரத்தையும், இலவசமாகத் தந்த கூடத்தின் வாடகையையும் அதில் கணக்குக் காட்டலாம் என்பதால் கேட்கும்போது மலைப்பாக இருப்பது நடைமுறையில் அவ்வளவு கடினமில்லை.

மானியத்தில் வாங்கிய மருந்து காலாவதியானால் என்ன செய்வது?

புதிதாகத் தயாராகும் 4 மில்லிகிராம் நார்கானின் ஆயுளை 2024 ஜனவரியில் மூன்றிலிருந்து நான்கு ஆண்டுகளாக நீட்டித்தார்கள். ஆகவே, வாங்கிய மானியம் முடிந்தபின்னும் பெட்டி சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்; அதற்குள் அந்தத் திட்டத்தை நடத்திய அலுவலர் வேறு வேலைக்குப் போயிருப்பார், கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் பள்ளி அலுவலகத்தில் பெட்டி எங்கே இருக்கிறது, அது பூட்டிய அலமாரியா, சாவி யாரிடம், மாலை நேர விளையாட்டுப் பயிற்சியின்போது அந்தச் சாவி எங்கே இருக்கும், பெட்டியின் மேல் எந்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது, அந்த ஆண்டு வரும்போது மாற்றுப் பெட்டிக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பார்கள் என்பவற்றை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.